பிள்ளை தபால்காரன் அல்ல

(தாராவியில் நடைபெற்ற நம் சங்கத்தின் குடும்ப நலக் கூட்டத்தில் செயற்குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தம் மகனின் நலன் கருதிப் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறோம்.)

 

இந்த மேடையிலே நாம் எத்தனையோ பேசியிருக்கிறோம். ரேஷன் அட்டைக்காகப் பேசினோம். தண்ணீர்க் குழாய்க்காகப் பேசினோம். ஊருக்குப் போகக் கூடுதல் ரயில் வேண்டுமென்று தீர்மானம் போட்டோம். தமிழ் வழிப் பள்ளிகள் மூடப்படுவதைக் கண்டித்தோம். ஆனால் நம் சந்துகளிலே, நம் கண்ணெதிரே நடக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் நாம் வாய் திறந்ததே இல்லை. கணவனும் மனைவியும் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்த பிறகு, அந்த வீட்டுப் பிள்ளையின் நிலை என்ன என்பதுதான் அது.

ஏன் பேசவில்லை? வெட்கம். "கோர்ட்டு வரைக்கும் போயிட்டாங்களாம்" என்று ஊர் சொல்லுமே என்ற வெட்கம். அந்த வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். ஏனென்றால் நான் பேசப் போவது பக்கத்து வீட்டுக் கதை அல்ல. என் வீட்டுக் கதை.

நான் தையல் பட்டறையில் மிஷின் ஓட்டுகிறவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கும் என் மனைவியாக இருந்த அம்மையாருக்கும் 2018-இல் மணவிலக்கு ஆயிற்று. இருவரும் சம்மதித்தே பிரிந்தோம். அவர் தென்காசிப் பக்கம் தம் தாய் வீட்டுக்குப் போனார். எங்களுக்கு ஒரே மகன். அப்போது அவனுக்கு வயது 7. பிள்ளை தாயிடம் இருக்கட்டும் என்பதிலே எங்களுக்குள் தகராறு இல்லை. தீர்ப்பிலே என்ன எழுதியிருந்தது தெரியுமா? பிள்ளை தாயின் பொறுப்பில் இருப்பான். தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

அந்த "அவ்வப்போது" என்ற ஒரு சொல் இருக்கிறதே, தோழர்களே, அது நான்கு ஆண்டு காலம் எங்கள் மூவரையும் அலைக்கழித்தது. எப்போது பார்ப்பது? யார் அழைத்து வருவது? யார் டிக்கெட் எடுப்பது? எந்த நேரத்தில் போன் செய்வது? ஒன்றும் அதில் இல்லை.

மகன் சொன்ன பொய்

நானும் அந்த அம்மையாரும் பேசிக்கொள்வதை நிறுத்தினோம். அவர் எண்ணை நான் தடை செய்து வைத்திருந்தேன், அவரும் அப்படியே. பாட்டியின் கைப்பேசியில் மகன் வருவான். அவனிடம்தான் எல்லாம். "உங்கம்மாகிட்டச் சொல்லு, லீவுக்கு அனுப்பலைன்னா இந்த மாசம் பணம் வராதுன்னு." அந்தப் பக்கத்திலிருந்து, "உங்கப்பாகிட்டச் சொல்லு, முதல்ல பணம் வரட்டும், அப்புறம் பிள்ளையைப் பார்க்கட்டும்னு." பிள்ளையைத் தபால்காரன் ஆக்கிவிட்டோம். தபால்காரனுக்காவது உறைக்குள் இருப்பது தெரியாது. இவனுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். இரண்டு பக்கத்து வசையும் அவன் காது வழியாகத்தான் போயிற்று.

2022-ஆம் ஆண்டு, அவன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. "அப்பா அடுத்த வாரம் அனுப்புறாராம்" என்று தாயிடம் சொல்லியிருக்கிறான். "அம்மா ஒண்ணும் அவசரமில்லைன்னு சொன்னாங்க" என்று என்னிடம் சொன்னான். நானும் நம்பினேன், அவரும் நம்பினார். கெடு முடிந்து, பள்ளியில் அவனை எழுப்பிக் கேட்டிருக்கிறார்கள். அன்றிரவு அந்த அம்மையார் தம் தம்பியின் போனிலிருந்து என்னை அழைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று ஏசிக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, இரண்டு செய்தியுமே எங்கள் இருவருடையதும் இல்லை. பையனாகச் செய்தவை.

ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவன் சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் சொல்றதை அப்படியே சொன்னா சண்டை வரும்ப்பா. அதான் மாத்திச் சொன்னேன்."

பதினோரு வயதுப் பிள்ளை, தோழர்களே. பெற்ற இருவரும் செய்யாத சமரச வேலையை அவன் தனியாக, பொய் சொல்லிச் செய்துகொண்டிருந்தான். அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கிற்று. மணவிலக்கு என்பது கணவன் மனைவி என்ற உறவைத்தான் முறிக்கிறது. தாய் தந்தை என்ற உறவை முறிக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது. அந்த வேலையில் இருவரும் ஆயுள் காலப் பங்காளிகள். பங்காளிகள் பேசிக்கொள்ளாமல் பட்டறை நடத்த முடியுமா?

பஞ்சாயத்து வேறு, சமரசம் வேறு

நம் ஆட்களுக்குச் சமரசம் என்றாலே பஞ்சாயத்து நினைவுக்கு வருகிறது. நம் சங்கத்திலேயே நடந்திருக்கிறது. நானும் அதில் உட்கார்ந்திருக்கிறேன். இருபது ஆண்கள் நாற்காலியில் இருப்போம். ஒரு பெண் நிற்பார். மாமன் ஒரு பக்கம் சத்தம் போடுவார், சித்தப்பா ஒரு பக்கம் துண்டை உதறுவார். கடைசியில் ஒரு பெரியவர், "பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போம்மா" என்று தீர்ப்புச் சொல்வார். பிள்ளையின் முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இது சமரசம் ஆகாது.

சட்டம் காட்டும் சமரசம் என்ன? 1984-இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. இணக்கமாகத் தீர்க்க வழியுண்டா என்று முதலில் முயன்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. ஆலோசகர்களை வைத்துக்கொள்ளவும் அச்சட்டம் வழி செய்கிறது. 2005-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சமரசத்துக்கென ஒரு குழுவை அமைத்தது. குடும்ப வழக்குகளைத் தொடக்கத்திலேயே சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2013-இல் ஒரு தீர்ப்பில் அது வலியுறுத்தியது. 2023-இல் நாடாளுமன்றம் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

அங்கே உட்காருகிறவர் நீதிபதி அல்லர். தீர்ப்புச் சொல்ல மாட்டார். உன்மேல் தப்பு, அவர்மேல் தப்பு என்று விரல் நீட்ட மாட்டார். இருவரையும் சேர்த்து வைத்தும் கேட்பார், தனித்தனியாகவும் கேட்பார். அந்த அறையில் சொன்னது அந்த அறையோடு. நாளைக்கு வழக்கிலே அதைச் சான்றாக இழுக்க முடியாது. உடன்பாடு வந்தால் கையெழுத்து, வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். கட்டாயம் இல்லை.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைக் கேளுங்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கூடக் கிடையாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். வழக்குப் போடாமலே கூட அங்கே சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். நானும் அப்படித்தான் போனேன்.

"பையன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்?"

2022-இல் ஊருக்குப் போய், அந்த மாவட்டத்தின் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மையாரும் வந்தார். சமரசர் ஒரு பெண் வழக்கறிஞர். நான் மனத்துக்குள் பெரிய குற்றப்பத்திரிகையே தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. முதல் கேள்வி என்னிடம்: "பையன் காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்?" எனக்குத் தெரியவில்லை. "வகுப்பாசிரியர் பேர் என்ன?" தெரியவில்லை. "எதுக்குப் பயப்படுவான்?" தெரியவில்லை. பிறகு அந்த அம்மையாரிடம், "அப்பா போன் வராத நாள்ல பையன் என்ன செய்வான்?" என்று கேட்டார். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "சாப்பிடாமப் படுத்துடுவான்" என்றார். அது எனக்கு அதுவரை தெரியாது. அவரும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அளவெடுக்காமல் துணியை வெட்டக் கூடாது என்று பட்டறையில் பையன்களுக்குச் சொல்கிறவன் நான். என் பிள்ளையின் விஷயத்தில் அளவெடுக்காமல் நான்கு வருடம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்று அமர்வுகள் நடந்தன. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நேரில் போனேன். இரண்டாவது, பட்டறைக்கு மேலே இருக்கும் அறையிலிருந்து கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியது. மும்பையிலிருந்து தென்காசிக்குப் போய்த் திரும்ப எத்தனை நாள் கூலி போகும் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் தவணைக்குத் தவணை ரயிலேறிச் சம்பாத்தியத்தைத் தண்டவாளத்தில் கொட்டினோம். இன்று காணொலி வந்திருக்கிறது. எல்லா அமர்வுக்கும் அது ஒத்து வராது. ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியில் ஓர் உடன்பாடு தமிழில் எழுதப்பட்டது. "அவ்வப்போது" என்ற சொல் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை. அதில் இருந்தவற்றைச் சொல்கிறேன். உங்களில் யாருக்கேனும் பயன்படும்.

ஒன்று, தினமும் இரவு 8.30 மணிக்கு அப்பாவின் போன், பத்து நிமிடம். வேலை மிகுந்த நாளில் மாலை 5 மணிக்குள் நான் செய்தி அனுப்ப வேண்டும். இரண்டு, கோடை விடுமுறையில் 25 நாள் பையன் என்னிடம். தீபாவளி ஓராண்டு இங்கே, ஓராண்டு அங்கே. பொங்கல் எப்போதும் அங்கே. மூன்று, ரயில் முன்பதிவு நான் செய்ய வேண்டும். இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு திறக்கிறது என்பதால், அதற்கு முன்பே தேதியை இருவரும் முடிவு செய்ய வேண்டும். நான்கு, அழைத்து வருவதும் கொண்டுபோய் விடுவதும் பையனின் தாய்மாமன் அல்லது என் அக்காள். வேறு யாரும் இல்லை. ஐந்து, மாதம் 7-ஆம் தேதிக்குள் பணம். ஆறு, பள்ளி, மருத்துவச் செய்தி இருவருக்கும் ஒரே நாளில் தெரிய வேண்டும். ஏழு, பணத் தகராறு வந்தால் போனை நிறுத்தக் கூடாது. போன் தகராறு வந்தால் பணத்தை நிறுத்தக் கூடாது.

அந்த ஏழாவதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பணம் பிள்ளையின் சோறு. போன் பிள்ளையின் உறவு. ஒன்றைக் காட்டி ஒன்றைப் பறிப்பது, இரண்டும் அவனிடமிருந்தே பறிப்பதுதான்.

கையிலிருக்கும் கருவி

இனி கைப்பேசிக்கு வருகிறேன். நம் தந்தையர் காலத்தில் ஊருக்கும் பம்பாய்க்கும் இருந்த பாலம் மணியார்டர். அந்தப் படிவத்தின் அடியிலே ஒரு சிறு கட்டம் இருக்கும், செய்தி எழுத. நான்கு வரிதான் பிடிக்கும். "நலம். பணம் 300. சின்னவளுக்குப் பாவாடை எடுக்கவும்." வசை எழுத அதில் இடம் கிடையாது! இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. நள்ளிரவில் பத்து நிமிடக் குரல் பதிவை இலவசமாக அனுப்பலாம். அதுதான் ஆபத்து.

இப்போது யுபிஐ-யில் பணம் அனுப்பும்போதும் குறிப்பு எழுத ஒரு சிறு இடம் இருக்கிறது. பலர் அதை வெறுமனே விடுகிறோம். சிலர் "இந்தா, பிடி" என்று எழுதுகிறோம். அதிலே "ஜூன் பள்ளிக் கட்டணம்", "ஜூலை செலவு", "கண் கண்ணாடி" என்று எழுதிப் பாருங்கள். கணக்கு நோட்டு தானாக உருவாகும். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற சண்டைக்கு வேலையே இல்லை. வாங்குகிறவரும் ரசீதைப் படமெடுத்து அனுப்பிவிட வேண்டும்.

அமெரிக்காவில் பிரிந்த பெற்றோருக்கென்றே தனிச் செயலிகள் இருக்கின்றன. 2001-லேயே ஒன்று தொடங்கப்பட்டது. நாள்காட்டி, செலவுக் கணக்கு, செய்தி எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகும்; அனுப்பியதை அழிக்க முடியாது. நமக்கு அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. கையிலிருக்கும் வாட்ஸ்அப்பே போதும், ஒழுங்கு இருந்தால்.

பிள்ளையின் பெயரில் தனிக் குழு ஒன்று தொடங்குங்கள். அதில் தாயும் தந்தையும் மட்டும். மாமியார் வேண்டாம், மைத்துனர் வேண்டாம். பழைய குடும்பக் குழுவில் பிள்ளையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அங்கே பேசினால் ஒன்பது பேர் உச்சுக் கொட்டுவார்கள், மூன்று பேர் எண்ணெய் ஊற்றுவார்கள். இந்தக் குழுவில் நான்கே நான்கு செய்தி: உடல்நலம், படிப்பு, பணம், பயணம். ஐந்தாவது விஷயம் வந்தால் பதில் போடாதீர்கள்.

எப்படி எழுதுவது? பில் எட்டி என்ற அமெரிக்க வழக்கறிஞர், சமரசப் பணி செய்கிறவர், ஒரு முறை சொல்லித் தருகிறார். சுருக்கமாக இரு, செய்தியை மட்டும் சொல், பண்போடு சொல், உறுதியாக முடி. நம் மொழியில் ஓர் உதாரணம் பாருங்கள். "மூணு நாளா பிள்ளை காய்ச்சல்ல கிடக்கான். உனக்கென்ன, நீ அங்க ஜாலியா இரு" என்பது ஒரு செய்தி. "தம்பிக்கு நேற்று இரவிலிருந்து காய்ச்சல், 101. மருந்து கொடுத்தேன். நாளைக்கும் குறையாவிட்டால் இரத்தப் பரிசோதனை. முடிவு வந்ததும் அனுப்புகிறேன்" என்பது இன்னொரு செய்தி. முதலாவதற்கு வரும் பதில் வசை. இரண்டாவதற்கு வரும் பதில், "சரி. பரிசோதனைக்கு எவ்வளவு ஆகும்?"

கோபமாக இருக்கும்போது குரல் பதிவு வேண்டாம். எழுதினால் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். குரலில் கோபம் அப்படியே போய்ச் சேரும். எழுத வராதவர்கள் நம்மில் இருக்கிறோம். வெட்கப்பட வேண்டாம். பகலில், வேலை இடைவேளையில், ஒரு நிமிடத்துக்குள் பேசி அனுப்புங்கள். இன்னொன்று: நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் நாளை நீதிபதியின் மேசைக்குப் போகக் கூடும்; நாளை மறுநாள் வளர்ந்த பிள்ளையின் கைக்கும் போகக் கூடும். நீதிபதியைவிட இரண்டாவது ஆளுக்குத்தான் நான் அஞ்சுகிறேன். ஸ்டேட்டஸில் மறைமுகமாகக் குத்துவதையும் விட்டுவிடுங்கள். யாருக்கென்று பெயர் போடாவிட்டாலும் பிள்ளைக்குத் தெரியும்.

பிள்ளையோடு பேசும் பத்து நிமிடம் பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், யசிதா சாஹு வழக்கில், பிள்ளைக்குத் தாய் தந்தை இருவரின் அன்பும் கிடைக்க உரிமை உண்டு என்று சொன்னது. சந்திக்கும் உரிமை மட்டுமல்ல, தொடர்பு உரிமையும் முக்கியம் என்றது. பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோருக்கு, தனிக் காரணம் இருந்தாலொழிய, நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் பிள்ளையோடு பேசும் உரிமை இருக்க வேண்டும் என்றும், முகம் பார்த்துப் பேசுவது மிக நல்லது என்றும் கூறியது. பெரிய இடத்து வழக்குதான், வெளிநாடு சம்பந்தப்பட்டது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் நமக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

அந்தப் பத்து நிமிடத்தில் துப்புத் துலக்கக் கூடாது. "அம்மா யார்கூடப் பேசுறா? வீட்டுக்கு யார் வந்தது?" என்று கேட்டால் அது உரிமை அல்ல, உளவு. போனைக் கொடுத்தவர் பக்கத்தில் நின்று காது கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைகள் போனில் பேச மாட்டார்கள், ஓடிவிடுவார்கள். அதற்குத் தாயைக் குறை சொல்லாதீர்கள். ஒரு கதை சொல்லுங்கள், கணக்குப் பாடம் கேளுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். என் மகன் அங்கே தோசை சாப்பிட, நான் இங்கே பாவ் சாப்பிட்டபடி எத்தனை இரவுகள் பேசியிருக்கிறோம்! இங்கே வளரும் பிள்ளையும் ஊரிலிருக்கும் தாயும் என்றால் இன்னொரு லாபமும் உண்டு. இந்தியும் மராட்டியும் பேசித் திரியும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம்.

சட்டம் சொல்வதும் எச்சரிக்கையும்

சட்டத்தில் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் எந்த மதத்தவருக்கும் பொருந்தும். பிள்ளையின் நலனே அதில் பெரிது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும். தாயும் இயற்கைக் காப்பாளரே என்பதை எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிள்ளை பற்றிய உத்தரவு கல்லில் வெட்டியதல்ல. பிள்ளை வளர வளர மாற்றக் கேட்கலாம்.

பிள்ளையின் பொறுப்புக் கேட்கும் மனுவை, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, விடுமுறைக்கு என்று சொல்லிப் பிள்ளையை ரயிலேற்றிக் கொண்டுபோய், திரும்ப அனுப்பாமல் வைத்துக்கொள்வது நம்மிடையே நடக்கிறது. இரு தரப்பாரும் செய்கிறார்கள். அது கெட்டிக்காரத்தனம் அல்ல. பிள்ளைக்குப் பள்ளி போயிற்று, நண்பர்கள் போனார்கள், நம்பிக்கை போயிற்று. அடுத்த விடுமுறைக்கு எந்தப் பெற்றோர் துணிந்து அனுப்புவார்?

எதில் கையெழுத்திடுவதானாலும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே இடுங்கள். சிறப்பாக, மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்தானால் அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதை மனத்தில் வையுங்கள்.

இனி மிக முக்கியமான ஒன்று. நான் சொன்ன அத்தனையும், இருவரும் ஒருவருக்கொருவர் அஞ்சாமல் பேசக்கூடிய இடத்துக்குத்தான் பொருந்தும். அடி உதை இருந்த வீட்டுக்கு, குடித்துவிட்டுக் கத்தி எடுத்த வீட்டுக்கு இது பொருந்தாது. "பிள்ளைக்காகப் பேசு" என்று அந்தப் பெண்ணைக் கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, தொடர்பு கொள்ளவே கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். பிள்ளைக்குத் தீங்கு வரும் என்றால் சந்திப்பையே மறுக்க முடியும். அப்படிப்பட்டவர் அழைக்க வேண்டிய எண் 181. உடனடி ஆபத்தென்றால் 112. பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098. கைப்பேசி உறவுக்குப் பாலமாகலாம். விரட்டிப் பிடிக்கும் கயிறாகவும் ஆகலாம். ஒரு நாளைக்கு நாற்பது முறை அழைப்பது, எங்கே இருக்கிறாய் என்று படம் கேட்பது, இவை பாசம் அல்ல.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

தோழர்களே, என் கதை சினிமாக் கதைபோல் முடியவில்லை. நானும் அந்த அம்மையாரும் இன்றும் நண்பர்கள் அல்ல. 2024 கோடையில் பட்டறை வேலை நெருக்கடி என்று சொல்லி 25 நாளைப் 12 நாளாகக் குறைத்தவன் நானே. அந்தக் குழுவில் அவர் ஒரே வரி எழுதினார்: "பையன் 25 நாள் என்று எண்ணி வைத்திருந்தான்." வசை இல்லை. ஆனால் எந்த வசையும் அப்படிச் சுட்டதில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் முறை. ஆனாலும் பையனை என்னிடம் அனுப்பினார். உடன்பாட்டில் இல்லாததை அவராகச் செய்தார். அவன் இப்போது பத்தாம் வகுப்பு. மேலே என்ன படிப்பது, எங்கே படிப்பது என்று சென்ற மாதம் நாங்கள் மூவரும் காணொலியில் பேசினோம். பதினொரு நிமிடம். அவன் ஒரு சொல்லையும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சங்கத்தின் முன் நான்கு கோரிக்கை வைக்கிறேன். முதலாவது, பிரிந்த பெற்றோரின் பிள்ளை விவகாரத்தில் இனி நாம் பஞ்சாயத்துக் கூட்ட வேண்டாம். சமரச மையத்துக்கு வழிகாட்டுவோம், கூடத் துணைக்குப் போவோம், வெளியே உட்காருவோம். இரண்டாவது, நான் சொன்ன எண்களைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மூன்றாவது, ஒரே அறையில் எட்டுப் பேர் குடியிருக்கும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை தன் தாயோடு தனியாகப் பேச முடியுமா? ஞாயிறு மாலைகளில் நம் நூலக அறையை அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுவோம். நான்காவது, மராட்டியும் ஆங்கிலமும் சரளமாக வராத நம் பெண்கள் குடும்ப நீதிமன்றத்திலும் சமரச அறையிலும் ஊமைகளாக நிற்கிறார்கள். தமிழறிந்த சமரசரும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டுமென்று மனுக் கொடுப்போம். தண்ணீர்க் குழாய்க்குக் கையெழுத்து வாங்கிய நாம் இதற்கும் வாங்க முடியும்.

இந்தக் கூட்டத்திலே, பிரிந்து வாழ்கிற தாயோ தந்தையோ கட்டாயம் இருப்பீர்கள். கையைத் தூக்க வேண்டாம். இன்றிரவு வீட்டுக்குப் போய், பிள்ளையிடம் சொல்லி அனுப்பவிருந்த செய்தியை நீங்களே எழுதுங்கள். நான்கு வரி போதும். பிள்ளையின் வாயை அவன் சாப்பிடவும் சிரிக்கவும் விட்டுவிடுங்கள்.